மணிலா, 1907: ஐந்து மாதங்கள்

மணிலாவில் நான் வேலை பார்த்த இரண்டு வருடமும் தினமும் என் வாயில் வந்த பெயர் டாஃப்ட். ஜீப்னியில், அதாவது நம் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடும் நீள ஜீப்பில், ஏறி உட்கார்ந்து, சில்லறையை முன்னால் இருப்பவரிடம் நீட்டி, அது கைமாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும்போது "டாஃப்ட்" என்று சொல்ல வேண்டும். இடம் வந்ததும் "பாரா போ" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் 'போ' நம்முடைய 'ங்க' மாதிரி, மரியாதைக்காக ஒட்டிக்கொள்வது. மேலே ரயில் ஓட, கீழே நாள் முழுக்க நெரிசலில் புழுங்கும் நீளச் சாலைதான் டாஃப்ட். அது ஒரு மனிதரின் பெயர் என்று யோசிக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

வில்லியம் டாஃப்ட் 1901 ஜூலை 4 அன்று அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்கு நியமித்த முதல் சிவில் கவர்னர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியும் ஆனார். அவரைப் பற்றி முதலில் எனக்கு இவ்வளவுதான் தெரியும். மீதியைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு பள்ளிக்கூடம்.

அலுவலகத் தோழி ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்திருந்தார். நுவேவா எசிகா மாகாணம். மணிலாவிலிருந்து வடக்கே போனால் பஸ் ஜன்னலில் வயல்கள் முடிவதே இல்லை. சாப்பாடு ஆனதும் ஊரைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனவர், ஒரு பழைய கட்டடத்தின் முன் நின்று "இது எங்கள் கபால்டோன்" என்றார். பள்ளியின் பெயர் வேறு. ஆனால் அந்த மாதிரிக் கட்டடத்தை நாடு முழுக்கக் கபால்டோன் என்றுதான் சொல்கிறார்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் தூண்கள் மேல் நிற்கிறது. மழைத்தண்ணீர் அடியில் ஓடிவிடும், காற்றும் புகும். அகலப் பலகைத் தளம், அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை. ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. உள்ளங்கை அகலச் சதுரங்களாகக் கிளிஞ்சல் ஓட்டை வெட்டிச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். 'கப்பீஸ்' என்பார்கள். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே பெஞ்சுகளின் மேல் விழுந்த வெளிச்சம் நீர்மோர் நிறத்தில் இருந்தது.

தோழியின் பாட்டியும் கூட வந்திருந்தார். பாட்டியை அங்கே 'லோலா' என்பார்கள். அவரும் அங்கேதான் படித்தாராம், அவருடைய அம்மாவும் அங்கேதான் படித்தாராம். அம்மா காலத்தில் வகுப்பில் இங்கிலீஷ் இல்லாமல் உள்ளூர் மொழியான டகாலோக் வாயில் வந்துவிட்டால் அபராதமாம். சொல்லிவிட்டு, ஒரு ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். நூறு வருடத்துச் சட்டம், சத்தமில்லாமல் நகர்ந்தது.

யார் இந்தக் கபால்டோன்? இசாவ்ரோ கபால்டோன் அதே மாகாணத்து வழக்கறிஞர், முதல் பிலிப்பைன்ஸ் சட்டசபையின் உறுப்பினர். கிராமப் பள்ளிக் கட்டடங்களுக்காக 10 லட்சம் பெசோ ஒதுக்கிய 1801ஆம் எண் சட்டம் அவர் கொண்டுவந்தது. அது நிறைவேறிய தேதி 1907 டிசம்பர் 20. மணிலாவுக்குத் திரும்பியதும் அந்தத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த எல்லாம் அந்த ஒரே வருடத்துக்குள், அதுவும் ஐந்து மாதங்களுக்குள் வந்து குவிந்தன. ஜூலை 30 முதல் தேசியத் தேர்தல். ஆகஸ்ட் 23 கொடித் தடைச் சட்டம். செப்டம்பர் 13 ஒரு தூக்கு. அக்டோபர் 16 சட்டசபைத் திறப்பு. டிசம்பர் 20 பள்ளிக்கூடங்கள். இவற்றை நான் தனித்தனி அத்தியாயங்களாகவே படித்திருந்தேன். ஒரே காலண்டரில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பது எனக்குப் பிடிபட்டது.

கொஞ்சம் முன்கதை. 1898 ஜூன் 12 அன்று, மணிலாவுக்குத் தெற்கே காவிட் என்ற ஊரில், புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. மார்செலா அகோன்சில்யோ ஹாங்காங்கில் தைத்துக் கொடுத்த கொடி அன்று ஏறியது. அடுத்த ஜனவரியில் மலோலோஸ் நகரில் அரசியல் சட்டத்தோடு ஒரு குடியரசே அமைந்துவிட்டது. ஆனால் 1898 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஸ்பெயினும் அமெரிக்காவும் மட்டும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா தீவுகளை வாங்கிக்கொண்டது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரி 4 அன்று போர் மூண்டது. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டார். 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அறிவித்தார். சண்டையிலும் பஞ்சத்திலும் காலராவிலுமாக இரண்டு லட்சம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த 1902-லேயே அமெரிக்கக் காங்கிரஸ் பிலிப்பைன்ஸுக்கான ஆட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு வாக்குறுதி இருந்தது: மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டசபை. கூடவே இரண்டு நிபந்தனைகள். முதலில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்து வெளியிட வேண்டும். வெளியிட்ட பிறகு இரண்டு வருடம் தீவுகளில் பொதுவான அமைதி நிலவ வேண்டும். கணக்கெடுப்பு 1903-ல் நடந்து, 1905 மார்ச்சில் வெளியானது. மொத்தம் 76,35,426 பேர். அதில் சுமார் 6,48,000 பேரை 'காட்டுமிராண்டிகள்' என்று தனிப் பத்தியில் எழுதி வைத்தார்கள். மலையில் வாழ்ந்தவர்களும் தெற்கே முஸ்லிம்களும் பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான். இரண்டு வருட அமைதிக்கு 1907 மார்ச்சில் சான்று கொடுத்து, தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். இந்த 'அமைதி' என்ற வார்த்தையை நினைவில் வையுங்கள். செப்டம்பரில் அது திரும்ப வரும்.

ஜூலை 30 தேர்தல். ஓட்டுப் போட ஆணாக இருக்க வேண்டும், 23 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்றில் ஒன்று: இங்கிலீஷோ ஸ்பானிஷோ எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அல்லது 500 பெசோ மதிப்புள்ள நிலமோ வீடோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வருடத்துக்கு 30 பெசோ வரி கட்ட வேண்டும். அல்லது ஸ்பெயின் காலத்தில் ஊர் நிர்வாகப் பதவி வகித்திருக்க வேண்டும். டகாலோகிலோ செபுவானோவிலோ இலோகானோவிலோ கவிதையே எழுதினாலும் அது படிப்பில் சேராது. பதிவான வாக்காளர்கள் 1,04,966 பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை.

அவ்வளவு வடிகட்டியும் முடிவு ஆட்சியாளர்கள் நினைத்தபடி வரவில்லை. டாஃப்டுக்கு வேண்டிய கட்சி, ஒரு காலத்தில் அமெரிக்காவின் மாநிலமாகச் சேர்ந்துவிடலாம் என்று பேசிய கட்சி, பெயரை மாற்றிக்கொண்டு நின்றும் 80 இடங்களில் 16-தான் பெற்றது. உடனடிச் சுதந்திரம் கேட்ட நசியோனலிஸ்தாக்கள் 32. சுதந்திரத்தையே பேசிய வேறு சிறு குழுக்களும் சுயேச்சைகளும் அவர்கள் பக்கம்.

வெற்றி ஊர்வலங்களில் மக்கள் கொடியை வெளியே எடுத்தார்கள். 1898-ன் கொடி, ஸ்பெயினை எதிர்த்துப் புரட்சி செய்த கதிபுனான் இயக்கத்தின் கொடி. மணிலாவில் குடியிருந்த அமெரிக்கர்கள் கொதித்துப்போனார்கள். ஆகஸ்ட் 23 அன்று, தேர்தல் முடிந்து நான்கு வாரம்கூட ஆகாத நிலையில், 1696ஆம் எண் சட்டம் வந்தது. அமெரிக்காவுக்கு எதிரான போரில் பயன்பட்ட கொடி, பதாகை, சின்னம் எதையும் யாரும் காட்டக் கூடாது. மீறினால் 500 முதல் 5,000 பெசோ வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுப் போட்டுச் சுதந்திரம் கேட்கலாம், அந்தச் சுதந்திரத்தின் துணியைத்தான் வெளியே எடுக்கக் கூடாது.

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போனது என்பதை எனக்குக் காட்டியவர் என் மாடிக்குடியிருப்பின் பக்கத்து வீட்டுப் பையன், சட்டக் கல்லூரி மாணவர். கொடியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "இதற்கு ஒரு வழக்கு இருக்கிறதே, முதல் வருடக் குற்றவியலில் எங்களுக்குப் பாடம்" என்று எடுத்துக் காட்டினார். 1908 ஆகஸ்ட் 4. மணிலாவின் ரோசாரியோ தெரு, 89ஆம் எண் கடை. கடைக்காரர் முந்தின நாள்தான் ஷெரீஃப் நடத்திய ஏலத்தில் கடைச் சரக்கை மொத்தமாக எடுத்திருந்தார். அன்று காலை அதைப் பிரித்து அடுக்குகிறார். சரக்கோடு சரக்காகச் சில பதக்கங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பொத்தான் மாதிரியானவை. ஒவ்வொன்றின் முகத்திலும் அகினால்டோவின் படம், பக்கத்தில் கொடி. அவற்றை ஜன்னலிலும் கண்ணாடி அலமாரியிலும் வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. 500 பெசோ அபராதம். மேல்முறையீடு போனது. 1909-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை, காட்டினாலே குற்றம் என்பதே தீர்ப்பு.

அந்தத் தெருவுக்கு நான் போய்ப் பார்த்தேன். பினோன்டோ தேவாலயத்துப் பக்கம், இப்போது பெயர் வேறு. நெரிசலில் கடை எண்களைத் தேடி நின்றபோது, ஏலத்தில் எடுத்த மூட்டையை அந்த மனிதர் அவிழ்க்கும் காட்சிதான் மனத்தில் ஓடியது. ஏலம் விட்டதும் அரசாங்கத்து ஆள். அந்தப் பொத்தான்களை அவர் கையில் கொண்டுவந்து சேர்த்ததே அந்த ஏலம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இனி செப்டம்பர். மகாரியோ சக்காய் மணிலாவின் தோண்டோ பகுதிக்காரர். முடிதிருத்தினார், தையல் தைத்தார், தெரு நாடகங்களில் வேஷம் கட்டினார். ஸ்பெயின் காலத்திலேயே போனிஃபாசியோ நிறுவிய கதிபுனானில் சேர்ந்தவர். அகினால்டோ பிடிபட்டும், போர் முடிந்ததாக அறிவித்தும், அவர் அடங்கவில்லை. மலைக்குப் போய் டகாலோக் குடியரசு என்று அறிவித்து, அதன் தலைவராக இருந்து சண்டையைத் தொடர்ந்தார். ஆள்களும் அவரும் தோள் தாண்டி முடி வளர்த்திருந்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றில் வரிசையாக உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்க்கிறார்கள்.

அவரைப் போன்றவர்களுக்காகவே 1902 நவம்பரில் ஒரு சட்டம் வந்திருந்தது, கொள்ளைக்கூட்டச் சட்டம். ஆயுதம் ஏந்திய கூட்டத்தில் ஒருவர் இருந்தார் என்று காட்டினால் போதும், மரண தண்டனையோ இருபது வருடத்துக்குக் குறையாத சிறையோ கொடுக்கலாம். கூட்டம் உண்மையில் எதையாவது கொள்ளையடித்ததா என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. ஜூலையில் போர் முடிந்ததாக அறிவித்தாயிற்று. அதற்குப் பிறகும் துப்பாக்கி வைத்திருப்பவன் போராளியாக இருக்க முடியாது, திருடனாகத்தான் இருக்க முடியும். வார்த்தையை மாற்றியே ஒரு போரை முடித்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு சட்டம் வந்தது. கிராமத்து ஜனங்களை வீடுவாசலோடு கிளப்பி, காவலுக்குள் ஒரே இடத்தில் குவித்து வைக்கலாம். 1905-ல் காவிதே, பத்தாங்காஸ் பக்கங்களில் அதையும் செய்தார்கள்.

அப்போதும் சக்காய் அகப்படவில்லை. 1906-ல் டொமினாடோர் கோமெஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர் மலைக்குத் தூது போனார். அவர் கொண்டுபோன வாதம் இதுதான்: நீங்கள் மலையில் இருக்கும்வரை நாட்டில் அமைதி இல்லை என்பார்கள், அமைதி இல்லையென்றால் சட்டசபை வராது, இறங்கி வாருங்கள், சுதந்திரத்தைச் சட்டசபை வழியாகக் கேட்போம். பொது மன்னிப்பு கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. சக்காய் நம்பினார். ஜூலை 14 அன்று இறங்கி வந்தார். மணிலாவில் ஜனங்கள் கூடி வரவேற்றார்கள். சில நாள் கழித்து காவிதேயில் ஒரு விருந்துக்கு அழைப்பு. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே அவரையும் ஆள்களையும் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். கொள்ளைக்கூட்டச் சட்டத்தின் கீழ் விசாரணை, மரண தண்டனை.

1907 செப்டம்பர் 13 காலை, மணிலாவின் பிலிபிட் சிறையில் அவரும் லூசியோ தே வேகாவும் தூக்கில் போடப்பட்டார்கள். நாங்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை, நாட்டுக்காகப் போராடிய படையினர் என்று தூக்கு மேடையில் நின்று சொன்னார். யாருக்கு வழிவிட்டு அவர் மலையிறங்கினாரோ அந்தச் சட்டசபை திறக்க முப்பத்து மூன்று நாள் இருந்தது. தூது போன கோமெஸ் பின்னால் அதே சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். கோமெஸ் தெரிந்தே ஏமாற்றினாரா, அவரும் ஏமாந்தாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஆனால் விருந்துக்கு அழைத்துக் கைது செய்தவர்கள் தெரிந்துதான் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தோண்டோவில் இப்போது சக்காய்க்கு ஒரு சிலை இருக்கிறது. தோளில் முடி புரள நிற்கிறார்.

அக்டோபர் 16 அன்று மணிலாவின் கிராண்ட் ஓபரா ஹவுஸில் சட்டசபைத் திறப்பு விழா. அமெரிக்கப் போர்த்துறை அமைச்சராக இருந்த டாஃப்டே கடல் கடந்து வந்து திறந்துவைத்தார். சபாநாயகர் செபுவைச் சேர்ந்த செர்ஜியோ ஒஸ்மேன்யா. பெரும்பான்மைத் தலைவர் மனுவேல் கெசோன், அகினால்டோவின் படையில் மேஜராக இருந்தவர். இரண்டு பேருக்குமே அப்போது 29 வயது. பின்னாளில் இருவரும் நாட்டின் ஜனாதிபதிகள் ஆனார்கள்.

சபைக்கு அதிகாரம் எவ்வளவு? அது கீழ்ச்சபை மட்டும். மேலே அமெரிக்கப் பெரும்பான்மை கொண்ட கமிஷன். அது ஒப்புக்கொள்ளாமல் எதுவும் சட்டமாகாது. பட்ஜெட்டை மறுத்து நெருக்கடி கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சபை பணம் ஒதுக்காவிட்டால் போன வருடத்து ஒதுக்கீடே தொடரும் என்று 1902 சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். கணக்கெடுப்பில் தனிப் பத்தியில் போனவர்களின் பகுதிகள் சபைக்குக் கீழே வரவே இல்லை, அவை கமிஷனின் கையில்.

உள்ளே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலக்காரர்களும் வழக்கறிஞர்களும். ஸ்பெயின் காலத்தில் ஊருக்கு வரி வசூலித்துக் கொடுத்த 'பிரின்சிபாலியா' குடும்பங்கள். அமெரிக்கர்கள் 1901-லேயே ஊராட்சித் தேர்தலை வைத்தது அந்தக் குடும்பங்களை நம்பித்தான். நிலத்திலும் இதே கதை. 1903-ல் மதத் துறவியர் சபைகளிடமிருந்து சுமார் 4 லட்சம் ஏக்கரை 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து டாஃப்ட் வாங்கினார். குத்தகைக்காரர்களுக்கே நிலம் என்றுதான் பேச்சு. தவணை கட்ட முடிந்தவர்கள் வாங்கினார்கள், முடியாதவர்கள் பழையபடி குத்தகைக்காரர்களாகவே நின்றார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் கையில்தான் நிறைய நிலம் போய்ச் சேர்ந்தது. சக்காயைப் போன்ற ஒரு முடிதிருத்துபவருக்கு அந்த மலையை விட்டால் நிற்க வேறு இடம் எங்கே இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் அந்த எண்பது பேரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் கிடைத்த கொஞ்ச அதிகாரத்தை வைத்து அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று அந்தப் பள்ளிக்கூடச் சட்டம். கிராமமும் தன் பங்கைப் போட வேண்டும். நிலம் கொடுத்தவர்கள் உண்டு, மரம் கொடுத்தவர்கள் உண்டு, கையில் எதுவும் இல்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். அரசாங்கக் கட்டடக்கலைஞர் வில்லியம் பார்சன்ஸ் போட்ட ஒரே மாதிரி வரைபடம், இரண்டு அறை, நாலு அறை என்று ஊரின் அளவுக்குத் தக்கபடி எழும்பியது. இன்றும் இடியாமல் நிற்கும் கட்டடங்களைக் காப்பாற்ற 2019-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். 1908 ஜூன் 19 அன்று, முதல் சபையின் கூட்டத்தொடர் முடியும் நாளில், ஒஸ்மேன்யா இருக்கையிலிருந்து எழுந்து தம் மக்கள் சுதந்திரம் விரும்புகிறார்கள், அதற்குத் தகுதியும் பெற்றவர்கள் என்று பேசினார். சபை அதைத் தன் கருத்தாக ஏற்றுக்கொண்டது.

பள்ளிக்குள் நடந்தது வேறு கதை. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் மணிலா வந்து இறங்கினார்கள். அதே வருட ஜனவரியில் வந்த சட்டப்படி எல்லாப் பாடமும் இங்கிலீஷில். காலராவும் கால்நடைக் கொள்ளைநோயும் சூறையாடிய ஊர்களில் போய் அந்த ஆசிரியர்கள் தங்கிப் பாடம் நடத்தினார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். அந்த உழைப்பு உண்மையானது. வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் கணக்கும் பூகோளமும் படித்த பிள்ளைகளின் திணறலும் உண்மையானது. 1925-ல் பால் மன்ரோ தலைமையில் நடந்த ஆய்வு, பெரும்பாலான பிள்ளைகள் நாலாம் வகுப்பைத் தாண்டுவதில்லை என்றும், வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்றும் எழுதியது. லோலாவின் அம்மா அபராதம் கட்டியது அந்த வாசிப்புக்காகத்தான்.

திருவிழா முடிந்து திங்கட்கிழமை காலை மணிலா பஸ்ஸுக்கு நின்றபோது, பள்ளியில் மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று கொடி ஏற்றினார்கள். நாங்களும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றோம்.

கொடித் தடை 1919 அக்டோபரில்தான் நீங்கியது. பன்னிரண்டு வருடம். கபால்டோன் கட்டடங்கள் வரிசையாக எழும்பிய வருடங்கள் முழுக்க அவற்றின் முற்றத்தில் அமெரிக்கக் கொடி மட்டுமே பறந்தது. தடை நீங்கியதும் ஆளாளுக்குத் துணி வாங்கித் தைக்க ஓடினார்களாம். 1898-ல் கொடியில் இருந்த நீலம் எது என்று அங்கே இன்னமும் வாதம் உண்டு. வெளிறிய நீலம் என்பவர்கள் பலர். ஆனால் 1919-ல் கடைகளில் கிடைத்தது அமெரிக்கக் கொடிக்குத் தைக்கிற கருநீலத் துணிதான் என்றும், அதனால்தான் நீண்ட காலம் பிலிப்பைன்ஸ் கொடி அந்த நிறத்திலேயே பறந்தது என்றும் தோழி சொன்னார். பாட்டு முடிந்து பிள்ளைகள் மரப்படி ஏறி உள்ளே போனார்கள். பலகைத் தளத்தில் அத்தனை கால்களின் சத்தமும் கேட்டது. யாரோ ஒரு ஜன்னலைத் தள்ளித் திறந்தார்கள்.